மூன்று தீர்ப்புகள்

(மன்ற ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நாடாண்டவர்களின் புகழ் எவ்வாறு வளர்கிறது, எவ்வாறு தேய்கிறது என்பது பற்றிப் பேசுமாறு மன்றத்தார் என்னைப் பணித்தனர். பொதுப்படப் பேசினால் கேட்கும்போது இனிக்கும். வீடு திரும்புவதற்குள் மறந்து போகும். ஆகவே ஒரே ஒரு மனிதரின் கதையை மட்டும் உங்கள் முன் வைக்க எண்ணுகிறேன். அமெரிக்கக் குடியரசின் 17 ஆவது தலைவர் ஆண்ட்ரூ ஜான்சன் என்பாரின் கதை அது. அடிமை விலங்கொடித்த ஆபிரகாம் லிங்கனை நாம் அறிவோம். மேடைதோறும் அவர் பெயரைச் சொல்லி மகிழ்கிறோம். லிங்கன் குண்டடிபட்டுச் சாய்ந்த பிறகு, அந்த நாற்காலியிலே அமர்ந்தவர் யார், அமர்ந்து என்ன செய்தார் என்று கேட்டால், நம்மிற் பலர் விழிப்போம்.

ஜான்சன் 1875 ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 31 ஆம் நாள் மறைந்தார். மறைந்த பிறகு அவர் ஒரு நன்மையும் செய்யவில்லை. ஒரு தீமையும் செய்யவில்லை. செய்ய முடியாதே! செய்தவை செய்தவைதாம், கையெழுத்திட்ட ஆணைகள் கையெழுத்திட்டவைதாம். எனினும், ஒரு தலைமுறை அவரை இகழ்ந்தது. அடுத்து வந்த தலைமுறை வீரர் என்று வாழ்த்தியது. பின்னர் வந்த தலைமுறையோ கடைசி வரிசையிலே கொண்டுபோய் நிறுத்தியது. ஆள் ஒருவர், தீர்ப்போ மூன்று. ஏன் இந்த மாற்றம்? மாற்றியது யார்? இதுதான் இன்று நாம் ஆராய வேண்டிய கேள்வி.

முதலில் மனிதரைப் பார்ப்போம். பிறந்தது 1808 ஆம் ஆண்டு, வட கரோலினா மாநிலத்து ராலே நகரிலே. மாளிகையிலே அல்ல! மகனுக்கு மூன்று வயதிருக்கும்போதே தந்தை இறந்தார். பள்ளிக்கூடத்துப் படியை மிதித்தறியாத சிறுவன், தையற்காரர் ஒருவரிடம் தொழில் பழகும் பையனாக ஒப்படைக்கப்பட்டான். ஒப்பந்தக் காலம் முடியுமுன்னே, அண்ணனும் தம்பியுமாக ஓடிவிட்டனர். பிடித்துத் தருவோருக்குப் பத்து டாலர் பரிசு என்று முதலாளி 1824 ஆம் ஆண்டிலே பத்திரிகையில் விளம்பரம் செய்தார். பின்னாளிலே குடியரசுத் தலைவரானவரைப் பிடித்துத்தர அன்று கட்டிய விலை, பத்து டாலர்!

டென்னசி மாநிலத்துக் கிரீன்வில் ஊரிலே தையற்கடை வைத்தார். மனைவி எலைசா, கணவருக்கு எழுத்தும் கணக்கும் கற்பித்தார். கத்தரிக்கோல் பிடித்த கை, கொள்கை பேசும் கையாயிற்று. நகர மன்றம், மாநிலச் சட்டசபை, அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை, ஆளுநர் பதவி, செனட் சபை என்று ஒவ்வொரு படியாக ஏறினார். பருத்திப் பண்ணைகளை வைத்து ஆட்டிப்படைத்த சீமான்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. ஏழைக் குடியானவனுக்கு அரசு நிலத்தைக் கொடு என்று ஆண்டுக்கணக்கிலே வாதாடினார். 1861 இல் தென் மாநிலங்கள் அடிமை முறையைக் காக்கப் பிரிந்து போயின. பிரிந்துபோன மாநிலங்களின் செனட்டர்களிலே, பதவியை விட்டோடாமல் ஒன்றியத்தின் பக்கம் நின்றவர் ஜான்சன் ஒருவரே. அந்தத் துணிவுக்காகவே 1864 ஆம் ஆண்டுத் தேர்தலில் லிங்கனோடு துணைத் தலைவர் பதவிக்கு அவர் நிறுத்தப்பட்டார்.

இதுவரை கேட்டதும், எவ்வளவு நல்ல கதை என்று நெஞ்சம் குளிர்கிறதல்லவா? ஏழை வீட்டிலே பிறந்தார், ஊசி பிடித்து உழைத்தார், சீமான்களை எதிர்த்தார், சிம்மாசனம் ஏறினார்! இந்த இடத்திலே கொஞ்சம் நில்லுங்கள், தோழர்களே. இந்த நல்ல கதைதான் பின்னாளிலே அவருடைய குற்றங்களை மூடும் போர்வையாகப் பயன்பட்டது.

சீமான்களை வெறுத்தவர், அந்தச் சீமான்கள் காலடியிலே நசுங்கிக் கிடந்த அடிமைகளை நேசித்தாரா? இல்லை. கையிலே காசு சேர்ந்ததும் அவரும் அடிமைகளை விலைக்கு வாங்கினார். சீமான் மீது அவர் கொண்ட சினம், தன்னையும் தன் போன்ற வெள்ளை ஏழையையும் தாழ்த்தினானே என்ற சினம். தாழ்த்துவதே தவறு என்ற சினம் அன்று. இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாடு மயிரிழை போலத் தோன்றும். நாற்காலியிலே அமர்ந்த பிறகு அது மலைபோலத் தெரியும்.

1864 அக்டோபர் 24. நாஷ்வில் நகரிலே கருப்பின மக்கள் திரளாகக் கூடியிருந்தனர். அவர்கள் முன்னே நின்று ஜான்சன் வாக்களித்தார்: அடிமைக் காட்டிலிருந்து தம் மக்களை அழைத்துச் சென்ற மோசேயைப் போல நான் உங்களை அழைத்துச் செல்வேன் என்றார். கூட்டம் ஆர்ப்பரித்தது. ஆறு திங்கள் கழிந்தது. 1865 ஏப்ரல் 15 இல் லிங்கன் மறைந்தார். மோசேயாக வருவேன் என்றவர் குடியரசுத் தலைவரானார். நாற்பது லட்சம் மக்கள், தலைமுறை தலைமுறையாக விற்கப்பட்ட மக்கள், அவர் வாக்கை நம்பிக் காத்து நின்றனர்.

அவர் செய்தது என்ன? மே 29 இல் பொதுமன்னிப்பு அறிவித்தார். கலகம் செய்தவர்கள் உறுதிமொழி கூறினால் போதும். உரிமை திரும்பும், அடிமைகள் நீங்கலாக உடைமையும் திரும்பும். 20,000 டாலருக்கு மேல் சொத்துள்ள சீமான்கள் தனித்தனியே வந்து மன்னிப்பு வேண்ட வேண்டும் என்றார். வேண்டினார்கள்! ஒரு காலத்திலே தையற்காரன் என்று முகம் திருப்பிய சீமான்கள், வெள்ளை மாளிகையின் வாசலிலே வரிசையாக நின்றார்கள். மன்னிப்பை வாரி வழங்கினார், ஆயிரக்கணக்கிலே. தம்மை இகழ்ந்தவர்கள் தம் முன் குனிந்து நின்றதே அவருக்கு நிறைவாகிவிட்டது போலும்.

அந்த மன்னிப்பின் விலையை யார் கொடுத்தார்கள்? தென் கரோலினாக் கடற்கரைக்கு அருகே எடிஸ்டோ என்றொரு தீவு இருக்கிறது. 1865 சனவரியில் தளபதி ஷெர்மன் ஓர் ஆணை பிறப்பித்தார். சீமான்கள் கைவிட்டு ஓடிய கடற்கரை நிலங்களை, விடுதலை பெற்ற குடும்பங்களுக்குத் தலைக்கு நாற்பது ஏக்கர் வரை பிரித்துக் கொடுக்கச் சொன்ன ஆணை அது. ஏறத்தாழ 40,000 பேர் 4 லட்சம் ஏக்கரிலே குடியேறினர். உழுதனர், விதைத்தனர், தமக்கென்று முதன்முறையாக அறுத்தனர். மன்னிப்புப் பெற்ற சீமான்களோ, எங்கள் நிலம் எங்கே என்று கேட்டனர். திருப்பிக் கொடு என்றார் ஜான்சன். ஆணையைச் சொல்ல அக்டோபரிலே எடிஸ்டோவுக்கு அனுப்பப்பட்டவர் தளபதி ஹோவர்ட், போரிலே வலக்கையை இழந்தவர். கோயிலிலே கூடியிருந்த மக்களிடம் அவர் செய்தியைச் சொல்லத் தொடங்கினார். சொல்ல நா எழவில்லை. கூட்டத்திலே ஒரு பெண் துயரப் பாடல் ஒன்றைத் தொடங்க, மக்கள் சேர்ந்து பாடினர்.

அந்த மக்கள் மூவர் குழுவொன்றை அமைத்து, ஹோவர்டுக்கு ஒரு விண்ணப்பமும் குடியரசுத் தலைவருக்கு ஒரு விண்ணப்பமும் எழுதினர். ஹோவர்டுக்கு எழுதியதன் கருத்தைக் கேளுங்கள். எங்கள் தீவின் நிலக்கிழார்களை மன்னிக்கச் சொல்கிறீர்கள். நீங்கள் போரிலே ஒரு கையைத்தான் இழந்தீர்கள், உங்களால் மன்னிக்க முடியும். என்னை மரத்தோடு கட்டி வைத்து 39 கசையடி கொடுத்தவனை, என் தாயையும் உடன்பிறந்தாளையும் ஆடை உரிந்து அடித்தவனை, அவன் சொல்லும் கூலிக்கு அவன் நிலத்தை உழுதாலன்றி வெற்றுக் குடிசையிலேகூட இருக்க விடாதவனை, நான் எப்படி மன்னிப்பேன்? இவ்வாறு எழுதினர், எழுத்தறிவே குற்றம் என்று தடுக்கப்பட்டிருந்த ஓர் இனத்தின் மக்கள். நிலம் போயிற்று. விண்ணப்பம் மட்டும் அரசாங்கக் காகிதக் கட்டுகளுக்குள்ளே போய்ப் படுத்தது. அந்தக் காகிதத்தை நினைவிலே வையுங்கள். முடிவிலே அதனிடம் திரும்பி வருவோம்.

நிலம் பறிபோன பிறகு, மனிதனையே மீண்டும் பறிக்கச் சட்டங்கள் வந்தன. மிசிசிப்பி மாநிலம் 1865 நவம்பரிலே சட்டமியற்றியது. ஒவ்வோர் ஆண்டும் சனவரியிலே, இன்னாரிடம் வேலை செய்கிறேன் என்று கருப்பின மனிதன் எழுத்துச் சான்று காட்ட வேண்டும். ஒப்பந்தம் முடியுமுன் விலகினால் அதுவரை உழைத்த கூலியும் இல்லை. வேலை இல்லாதவன் நாடோடி, அவனுக்கு அபராதம், கட்ட முடியாவிட்டால் அவனையே கூலிக்கு விடலாம். அடிமை முறை என்ற பெயர் போயிற்று. பொருள் திரும்பி வந்தது.

1866 பிப்ரவரி 7 இல் கருப்பினத் தலைவர் பிரடரிக் டக்ளஸ் ஒரு குழுவோடு வெள்ளை மாளிகைக்குச் சென்று வாக்குரிமை கேட்டார். கொடுத்தால் இனப்போர் மூளும் என்றார் ஜான்சன். ஓடிப்போன தொழிற்பையன், ஓடிவந்த அடிமையைப் பார்த்துச் சொன்ன மறுமொழி அது! அதே திங்களிலே, விடுதலை பெற்றோர் நலத்துறையை நீட்டிக்கும் மசோதாவை வீட்டோவால் தடுத்தார். அடுத்த திங்களில் குடியுரிமை மசோதாவையும் தடுத்தார். காங்கிரஸ் ஏப்ரலில் அந்த வீட்டோவை மீறிச் சட்டமாக்கியது. மே மாதத்திலே மெம்பிஸ் நகரில் கலவரம்; 46 கருப்பின மக்கள் கொல்லப்பட்டனர். ஜூலையில் நியூ ஆர்லியன்ஸ் நகரில் மற்றொரு படுகொலை. அதன் பின்னரும் அவர் நெஞ்சம் இளகவில்லை. காங்கிரஸ் சட்டம் செய்யும், அவர் தடுப்பார், காங்கிரஸ் மீறும். அவருடைய வீட்டோக்களிலே 15 இவ்வாறு மீறப்பட்டன. வேறெந்த அமெரிக்கத் தலைவருக்கும் அத்தனை தோல்வி வந்ததில்லை.

இனி, முதல் தீர்ப்பு. செனட்டின் இசைவில்லாமல் அமைச்சர்களை நீக்கக் கூடாது என்று 1867 இல் காங்கிரஸ் ஒரு சட்டம் செய்தது. ஜான்சன் 1868 பிப்ரவரி 21 இல் போர் அமைச்சர் ஸ்டான்டனை நீக்கினார். மூன்றே நாட்களில், பிப்ரவரி 24 இல், பிரதிநிதிகள் சபை அவர்மீது குற்றம் சாட்டியது: 126 பேர் ஆதரவு, 47 பேர் எதிர்ப்பு. அமெரிக்க வரலாற்றிலே அவ்வாறு குற்றம் சாட்டப்பட்ட முதல் குடியரசுத் தலைவர் அவரே. செனட்டில் விசாரணை நடந்தது. நீக்குவதற்கு 36 வாக்குகள் வேண்டும். மே 16 இல் வாக்கெடுத்தார்கள். குற்றவாளி என்றோர் 35. அல்லர் என்றோர் 19. ஒரே வாக்கிலே தப்பினார்! பதவி பிழைத்தது, பெயர் பிழைக்கவில்லை. வாக்குறுதியை மறந்தவர், போரிலே வென்றதை அமைதியிலே தோற்றவர் என்று வட மாநிலத்தார் பலர் அவரை இகழ்ந்தனர். இது முதல் தலைமுறையின் தீர்ப்பு.

காலம் சுழன்றது. 1870 இல் அரசியல் சட்டத்தின் 15 ஆவது திருத்தம், நிறத்தைக் காட்டி வாக்குரிமையை மறுக்கக் கூடாது என்றது. தென் மாநிலங்களிலே கருப்பின மக்கள் வாக்களித்தனர். ஏறத்தாழ 2,000 பேர் பல பதவிகளிலே அமர்ந்தனர். பொதுப் பள்ளிகள் தோன்றின. ஆனால் 1877 இல் கூட்டாட்சிப் படையின் காவல் விலகியது. 1890 முதல் மாநிலம் மாநிலமாக, வாக்குவரி என்றும் எழுத்தறிவுத் தேர்வு என்றும் தடைகள் எழுப்பி, கருப்பின மக்களின் கையிலிருந்த வாக்குச்சீட்டைப் பறித்தனர். பறித்தவர்களுக்கு ஒரு நியாயம் தேவைப்பட்டது. பறித்தது அநீதி அல்ல, கொடுத்ததுதான் பிழை என்று யாராவது எழுதித்தர வேண்டுமல்லவா? எழுதித்தந்தார்கள்!

கொலம்பியா பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் டன்னிங்கும் அவருடைய மாணவர்களும், போருக்குப் பிந்திய காலத்தைப் பற்றி நூல் நூலாக எழுதினர். கருப்பின மக்களுக்கு வாக்களித்தது பெருந்தவறு, அந்த ஆட்சிகள் ஊழல் மலிந்தவை என்பதே அவற்றின் சாரம். அடிக்குறிப்புகள் ஏராளம்; ஆவணங்கள் ஏராளம்; ஆனால் விடுதலை பெற்றவனின் சாட்சியம் மட்டும் அவர்கள் கண்ணிலே படவில்லை. இந்த அடித்தளத்தின் மேலேதான் ஜான்சனுக்கு மண்டபம் கட்டினார்கள். 1926 இல் அமெரிக்க உச்சநீதிமன்றம், அலுவலரை நீக்கும் உரிமை குடியரசுத் தலைவருக்கு உண்டு என்று தீர்ப்பளித்து, 1867 ஆம் ஆண்டுச் சட்டம் செல்லாதது என்றது. பார்த்தீர்களா, ஜான்சன் சொன்னதே சரி என்று குதூகலித்தனர். 1928, 1929, 1930 ஆகிய மூன்றே ஆண்டுகளில் அவரைப் போற்றும் நூல்கள் வரிசையாக வந்தன. எழுதியவர்களிலே ஒருவர் ஓய்வுபெற்ற நீதிபதி, ஒருவர் வழக்கறிஞர், ஒருவர் தென் மாநிலத்துப் பத்திரிகை ஆசிரியர்.

அந்த நூல்களிலே பெருவாரியாக விற்றது 1929 இல் வந்த கிளாட் பவர்ஸ் என்பாரின் நூல். அவர் யார் தெரியுமா? பத்திரிகையாளர், ஜனநாயகக் கட்சியின் மேடைப் பேச்சாளர், 1928 இல் அக்கட்சி மாநாட்டிலே முதன்மை உரை ஆற்றியவர். கட்சி ஏட்டிலே எழுதுகிறவனும் அதைப் படிக்கிறவர்களும் இதைக் கேட்டுவிட்டுச் சும்மா போகக் கூடாது. பவர்ஸ் திறமையற்றவர் அல்லர். படிப்பவரைக் கட்டிப்போடும் எழுத்து அவருடையது. தன் கட்சிக்கு வேண்டிய கதையை, வேண்டிய நேரத்தில், இனிக்க இனிக்க எழுதினார். அந்த இனிப்புக்காக ஓர் இனமே இழிவு சுமந்தது. எழுதுகோல் கூர்மையாக இருக்க இருக்க, பிடிப்பவனின் பொறுப்பும் கூடுகிறது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ?

திரைப்படமும் சேர்ந்துகொண்டது. 1942 இல் ஜான்சனை வீரராகக் காட்டும் படமொன்று வெளியாயிற்று. கருப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய தாடியஸ் ஸ்டீவன்ஸ் அதிலே எதிரியாக வந்தார். கருப்பின மக்களின் சங்கம் கண்டனம் தெரிவித்தது, படம் ஓடியது. 1948 இல் 55 அறிஞர்களைக் கேட்டுத் தலைவர்களுக்கு வரிசை எண் கொடுத்தார்கள்: 29 பேரிலே ஜான்சனுக்கு 19 ஆம் இடம், நடுத்தரமானவர் என்ற மதிப்பு. அடுத்துக் குடியரசுத் தலைவராக வந்து, கூ கிளக்ஸ் கிளான் என்ற கொலைக் கும்பலைச் சட்டத்தால் ஒடுக்கிய கிராண்டுக்கோ 28 ஆம் இடம்! 1956 இல் ஜான் கென்னடி வெளியிட்ட நூலிலே, ஜான்சனைக் காப்பாற்ற வாக்களித்த செனட்டர் எட்மண்ட் ராஸ் வீரர்களின் வரிசையிலே வைக்கப்பட்டார். அந்த நூலுக்கு மறு ஆண்டே புலிட்சர் பரிசும் கிடைத்தது. வாக்களித்த பிறகு அந்த ராஸ், தமக்கு வேண்டியவர்களுக்குப் பதவி கேட்டு ஜான்சனுக்கு எழுதிய செய்தி அந்தப் புகழுரையிலே இடம்பெறவில்லை. இது இரண்டாம் தீர்ப்பு.

அந்தத் தீர்ப்பு கோலோச்சிய காலத்திலேயே, ஒருவர் எழுந்து நின்று மறுத்தார். ஜான்சன் மீது குற்றம் சாட்டப்பட்டது 1868 பிப்ரவரி 24 என்றேனல்லவா? அதற்கு முந்திய நாள், மாசசூசெட்ஸ் மாநிலத்திலே ஒரு கருப்பினக் குழந்தை பிறந்தது. அந்தக் குழந்தைதான் வளர்ந்து அறிஞர் டு பாய்ஸ் ஆனது. 1935 இல் அவர் ஒரு பெருநூல் வெளியிட்டார். அடிமை விடுதலைக்குப் பின் நடந்தது கருப்பின மக்களின் தோல்வியன்று, அமெரிக்க ஜனநாயகத்தின் பெருமுயற்சி; அதை வேண்டுமென்றே நசுக்கினார்கள் என்று அதிலே நிறுவினார். ஜான்சனையும் அவர் அளந்தார். சீமான்களை வெறுத்த ஏழை வெள்ளையர் ஒருவர், சீமான்களின் கருவியாக எப்படி உருமாறினார் என்று ஓர் அத்தியாயமே எழுதினார். கடைசி அத்தியாயத்திலே, பள்ளிக்கூடப் பாடநூல்களை எடுத்து வைத்து, குழந்தைகளுக்கு எந்தப் பொய்கள் கற்பிக்கப்படுகின்றன என்று எண்ணிக் காட்டினார். அமெரிக்க வரலாற்று ஆய்வாளர்களின் தலைமை இதழ் என்ன செய்தது? மறுத்ததா? இல்லை. மதிப்புரையே வெளியிடவில்லை! மறுக்க முடியாத எழுத்துக்கு மௌனமே மறுப்பாயிற்று.

மௌனத்தை உடைத்தது நூலகம் அல்ல, வீதி. 1954 இல் பள்ளிகளிலே நிறப் பிரிவினை செல்லாது என்ற தீர்ப்பு வந்தது. பேருந்துகளிலே, உணவு விடுதிகளிலே, வாக்குச்சாவடிகளிலே கருப்பின மக்கள் போராடினர். 1963 ஆகஸ்ட் 28 இல் வாஷிங்டன் நகரில் லட்சக்கணக்கானோர் திரண்டனர். அதற்கு முந்திய நாள் கானா நாட்டிலே டு பாய்ஸ் கண் மூடினார், 95 ஆவது வயதிலே. 1964 இல் குடியுரிமைச் சட்டம், 1965 இல் வாக்குரிமைச் சட்டம். நூறாண்டுகளுக்கு முன் ஜான்சன் தடுத்துப் பார்த்த உரிமைகள்தாம் இவை!

வீதியிலே வெளிச்சம் பரவியபோது, நூலகத்திலும் விளக்கு ஏறியது. மெக்கிட்ரிக் 1960 இல் எழுதினார்; கருப்பின வரலாற்றறிஞர் ஜான் ஹோப் ஃபிராங்க்ளின் 1961 இல் எழுதினார்; கென்னத் ஸ்டாம்ப் 1965 இல் எழுதினார்; 1988 இல் எரிக் ஃபோனர் எழுதிய பெருநூல் டு பாய்ஸ் காட்டிய வழியிலே நெடுந்தூரம் சென்றது. டன்னிங் கட்டிய மண்டபம் இடிந்தது. அதன்மேல் நின்ற ஜான்சனும் சரிந்தார். 2021 ஆம் ஆண்டு வரலாற்றறிஞர்களிடம் ஒரு தொலைக்காட்சி நிறுவனம் கருத்துக் கேட்டபோது, 44 பேரிலே ஜான்சனுக்கு 43 ஆம் இடம். பழைய பட்டியலில் அடிமட்டத்திலே கிடந்த கிராண்டுக்கு 20 ஆம் இடம். ஒருவர் இறங்க, மற்றவர் ஏறினார். அவ்விருவரும் ஏறியிறங்கியது ஒரே தராசின் இரு தட்டுகளிலே. இது மூன்றாம் தீர்ப்பு.

இங்கே ஒரு நண்பர் குறுக்கிட்டுக் கேட்கலாம்: அன்று ஒரு கூட்டத்தார் தமக்கு வேண்டியபடி எழுதினர், இன்று வேறொரு கூட்டத்தார் தமக்கு வேண்டியபடி எழுதுகின்றனர், நாளை மீண்டும் மாறாதா? எல்லாம் காலத்தின் கோலந்தானே? நல்ல கேள்வி. விடையும் உண்டு. இரண்டு தீர்ப்புகளில் எது சரி என்று தெரியாதபோது, நீதிமன்றத்திலே நாம் என்ன கேட்போம்? எத்தனை சாட்சிகளை விசாரித்தீர்கள் என்று கேட்போம். டன்னிங் கூட்டத்தார் சீமானை விசாரித்தனர், அரசியல்வாதியை விசாரித்தனர், நாற்பது லட்சம் பேரைக் கூண்டருகே அழைக்கவே இல்லை. கோவலன் பக்கத்தைக் கேளாமலே பாண்டியன் கொடுத்த தீர்ப்பைப் போன்றது அது. மூன்றாம் தீர்ப்பை எழுதியவர்கள் சீமானின் கடிதத்தையும் படித்தார்கள். உழவனின் விண்ணப்பத்தையும் படித்தார்கள். கூடுதலான சாட்சிகளைக் கேட்ட தீர்ப்பு, குறைவாகக் கேட்ட தீர்ப்பைவிட வலிவுடையது. இது கோலம் அன்று, நீதியின் பாலபாடம்.

ஜான்சன் பக்கத்திலும் நியாயம் ஒன்று உண்டென்பதை மறைக்கத் தேவையில்லை. அமைச்சரை நீக்கும் உரிமை பற்றிய சட்ட நுணுக்கத்திலே அவர் சொன்னது ஏற்கத்தக்கதே. அந்த ஒரு குற்றச்சாட்டைச் சுற்றி வழக்கை அமைத்ததிலே எதிரிகள் தவறினர் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் ஸ்டான்டனை நீக்கியதா அவருடைய பெருங்குற்றம்? எடிஸ்டோவிலே உழுதவனை நீக்கியதன்றோ! அந்தக் குற்றத்துக்குக் குற்றச்சாட்டுப் பத்திரத்திலே இடமில்லை. சிறு வழக்கிலே தப்பியவரைப் பெரு வழக்கிலும் குற்றமற்றவர் என்று காட்டியதுதான் இரண்டாம் தலைமுறையின் சூழ்ச்சி.

தோழர்களே! இந்தக் கதையிலிருந்து இரண்டு செய்திகளை நீங்கள் எடுத்துச் செல்ல வேண்டுகிறேன். ஒன்று: தலைவன் எங்கே பிறந்தான் என்று கேளுங்கள், தவறில்லை, ஆனால் அதோடு நிறுத்திவிடாதீர்கள். எங்கே போய் நின்றான், யாருக்காக நின்றான் என்று கேளுங்கள். குடிசையிலே பிறந்ததாலேயே ஒருவன் குடிசையின் தோழனாகிவிடுவதில்லை. தனக்கு மேலே இருந்தவனை எதிர்த்தது பாதி வீரம். தனக்குக் கீழே இருப்பவனைத் தூக்கிவிடுவதே மீதி வீரம். ஜான்சனிடம் முதற்பாதி இருந்தது, மறுபாதி இல்லை. மறுபாதி இல்லாததால் முதற்பாதியும் பழுதாயிற்று.

இரண்டு: புகழுரை ஒன்றைப் படிக்கும்போது, அச்சிலே வந்துவிட்டது என்பதற்காக நம்பிவிடாதீர்கள். பல்கலைக்கழகத்தின் முத்திரை இருந்தாலும் சரி, பரிசு பெற்ற நூலாக இருந்தாலும் சரி, நம் ஏட்டிலே வந்தாலும் சரி. இந்த ஆட்சியிலே அடிபட்டவன் என்ன சொன்னான், அவன் சொல் இதிலே எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். இல்லையென்றால், தீர்ப்பு இன்னும் எழுதப்படவில்லை என்று கொள்ளுங்கள்.

முடிவிலே அந்தக் காகிதத்திடம் வருவோம் என்றேன். எடிஸ்டோவின் மூவர் குழு எழுதிய விண்ணப்பத்தை அன்று ஜான்சன் ஏற்கவில்லை. அதற்குப் பிறகு நூல்கள் வந்தன, படம் வந்தது, பட்டியல்கள் வந்தன. காகிதம் கிடந்தது. ஒரு நூற்றாண்டுக்கு மேல் கழிந்த பிறகு ஆய்வாளர்கள் அந்தக் கட்டுகளை அவிழ்த்துப் பதிப்பித்தார்கள். ஜான்சனுடைய ஆணையை இன்று படிக்கும் மாணவன், எடிஸ்டோவின் விண்ணப்பத்தையும் அதன் பக்கத்திலே வைத்துப் படிக்கிறான். மரத்திலே கட்டி அடிக்கப்பட்டவன் சாட்சிக் கூண்டிலே ஏறிவிட்டான். இனி அவனை யாரும் இறக்க முடியாது. நிலம் அவனுக்குத் திரும்பவில்லை. அது தீராத கடன். ஆனால் எழுதி வைத்தானே, அந்த எழுத்து வீணாகவில்லை.

நாமும் எழுதி வைப்போம். எளியவன் சொல்வதைக் கேட்டு எழுதி வைப்போம்.